பால் விலை நிற்குது, தீவனம் ஏறுது: குமரி மாவட்டத்தில் ஆறு பசு வைத்திருப்பவர் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கல்குளம்_கறவை

வணக்கம். ஆறு ஜெர்சி கலப்பினப் பசுக்கள். நாலு கறவையில், ஒன்று வற்றிய சினைப்பசு, ஒன்று கிடாரி. பால் முழுக்க சொசைட்டிக்கு. தென்னந்தோப்புக்குள் 50 சென்ட் புல். வைக்கோலும் மூட்டைத் தீவனமும் விலைக்கு வாங்குவது. தீவனக் கடைப் பாக்கி தீர்ந்த பிறகு கையில் நிற்பது ரொம்பக் குறைவு. இன்னும் ரெண்டு பசு வாங்கினால் சரியாகும் என்று சொல்கிறார்கள். அதுக்கு முன்னாடி இருக்கிறதை ஒழுங்கு பண்ணணும் என்று நினைக்கேன். பால் குறையாமல் செலவு எங்கே குறையும்? மானியம், திட்டம் பற்றி வேண்டாம். தொழுவத்துக்குள் செய்ய முடிகிறதைச் சொல்லுங்க.

---

நாஞ்சில்_கணக்கு

தம்பி, பசு வாங்கும் யோசனையைத் தள்ளி வைத்தது நல்லது. முதலில் ஒவ்வொரு பசுவுக்கும் தனித்தனிக் கணக்கு போடுங்க. மொத்தமாகப் பார்த்தால் எந்தப் பசு சம்பாதிக்குது, எது தின்னுது என்று தெரியாது.

அடர்தீவனத்துக்கு (மூட்டையில் வரும் சத்துத் தீவனம்) எல்லோரும் சொல்லும் அளவு இதுதான்: உடம்பைப் பராமரிக்க 1.5 கிலோ, அதுக்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. சினையின் கடைசி ரெண்டு மாதம் கூடுதலாக 1 கிலோ. ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் 32-லிருந்து 35 ஆனது, 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்ந்து 38. அந்த 38-ஐ வைத்தே போடுறேன். அடர்தீவனம் கிலோ 30, வைக்கோல் 8, பசும்புல் 1.80 என்று ஒரு பேச்சுக்கு வைத்திருக்கேன். உங்க கடை விலையைப் போட்டுக்கிடுங்க.

எல்லாப் பசுவுக்கும் பொதுவானது: வைக்கோல் 4 கிலோ 32 ரூபாய், புல் 25 கிலோ 45 ரூபாய், தாது உப்பு 6 ரூபாய். ஆக 83.

10 லிட்டர் பசு: அடர்தீவனம் 5.5 கிலோ, 165 ரூபாய். மொத்தம் 248. பால் வரவு 380. மிச்சம் 132.
6 லிட்டர் பசு: 3.9 கிலோ, 117 ரூபாய். மொத்தம் 200. வரவு 228. மிச்சம் 28.
4 லிட்டர் பசு: 3.1 கிலோ, 93 ரூபாய். மொத்தம் 176. வரவு 152. கைநஷ்டம் 24.
வற்றிய பசு, கடைசி ரெண்டு மாதம்: 2.5 கிலோ, 75 ரூபாய். மொத்தம் 158. வரவு இல்லை.

வற்றிய பசு ஒன்றின் தீவனத்தை 10 லிட்டர் பசு ஒன்றேகால் தூக்கிவிடும். 6 லிட்டர் பசு என்றால் அஞ்சாறு வேணும். கூலி, மருந்து, கரண்ட் இதில் சேரவே இல்லை. அதனால் பசு எண்ணிக்கையைக் கூட்டுவதை விட வற்றின நாளைக் குறைப்பதும், ஈன்ற பிறகு முதல் நூறு நாள் உச்சத்தில் பாலைப் பிடித்து வைப்பதும்தான் காசு.

பெரும்பாலான தொழுவங்களில் நடக்கும் தப்பு: எல்லாப் பசுவுக்கும் ஒரே வாளி. நாலரை கிலோவாகப் பகிர்ந்தால் 10 லிட்டர் பசுவுக்கு ஒரு கிலோ குறைச்சல், அது உடம்பைக் கரைத்துப் பால் தரும், பிறகு சினை பிடிக்காது. 4 லிட்டர் பசுவுக்கு 1.4 கிலோ அதிகம், நாளுக்கு 42 ரூபாய் கொழுப்பாகப் போகுது. வாளியையும் ஒரு தடவை தராசில் நிறுத்துக் கோடு போட்டு வையுங்க. தவிடு அதிகமுள்ள தீவனமும் சோளத்தீவனமும் ஒரே வாளியில் ஒரே எடை நிற்காது. வாரம் ஒரு நாள் காலை, மாலை ரெண்டு வேளையும் ஒவ்வொரு பசுவின் பாலையும் தனியாக அளந்து எழுதினால் போதும், தினமும் தேவையில்லை.

---

தோப்புப்புல்

அண்ணாச்சி கணக்கில் புல் 1.80 என்று போட்டது சொந்தப் புல் என்றால்தான். அங்கேதான் கல்குளத்துக்காரருக்கு இடம் இருக்கு.

ஆறு உருப்படிக்கு நாளுக்கு 150 கிலோ என்றால் வருஷத்துக்கு சுமார் 55 டன். கோ 5 கம்பு நேப்பியருக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் மகசூல் ஹெக்டேருக்கு வருஷம் 360 டன்னுக்குக் கிட்ட. அதாவது சென்டுக்கு ஒன்றரை டன். அது திறந்த வெயில், நல்ல பாசனம், உரம் எல்லாம் சேர்ந்த கணக்கு. நம்ம பக்கம் பாதியை நம்புங்க. அப்படிப் பார்த்தால் 75 சென்ட் வேணும், அதுவும் வெயில்படும் இடம். தென்னை நிழலில் கோ 5 நீண்டு மெலிந்து போகும், தூர் வெடிக்காது. நிழலுக்கு கினியா புல், கோ (ஜிஜி) 3 ரகம், அதுதான் பொருந்தும். மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு வெயில் விழும் பட்டையில் கோ 5, தென்னை மூட்டுக்கு (மரத்தின் அடிக்கு) பக்கத்தில் கினியா என்று பிரித்துப் போடுங்க. தென்னை மூட்டிலிருந்து ஆறடி விட்டுவிடணும், இல்லாவிட்டால் ரெண்டும் உரத்துக்குச் சண்டை போடும்.

கரணை (நடும் தண்டுத்துண்டு) இடைவெளி 60க்கு 50 சென்டிமீட்டர். சென்டுக்கு சுமார் 135 கரணை. நடுமுன் சென்டுக்கு 100 கிலோ தொழுவுரம். முதல் அறுப்பு 75, 80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் சென்டுக்கு 600 கிராம் யூரியா, அல்லது சாண எரிவாயுக் கலன் கழிவு கிடைத்தால் அதைக் கரைத்து விட்டு யூரியாவைப் பாதியாக்கலாம். 60, 70 நாள் விட்டால் எடை கூடும், ஆனால் தண்டு மூங்கிலாகும், பசு ஒதுக்கிப் போடும். 30 நாளில் அறுத்தால் தண்ணியும், பசுவுக்குக் கெடுதலான ஆக்ஸலேட்டும் நைட்ரேட்டும் அதிகம். மேகமூட்டமான நாட்களில் யூரியா போட்ட இளம்புல்லைக் கொடுக்கவே கூடாது.

புல்லை முழுசாகப் போடாதீங்க. 2 குதிரைத்திறன் நறுக்கும் இயந்திரத்தில் 2, 3 சென்டிமீட்டராக நறுக்கினால் கால் பங்குக்கு மேல் வீணாவது நிற்கும். அதைவிடப் பொடியாக நறுக்கினால் அசைபோடுவது குறையும், பாலில் கொழுப்பு இறங்கும். கத்தி மழுங்கினால் புல் நசுங்கிப் பிழிஞ்சு போகும், அதனால் வாரம் ஒருக்க தீட்டணும்.

வேலி ஓரம் முழுக்க கிளைரிசிடியாவும் அகத்தியும், உள்ளே ஓரப் பாத்தியில் வேலிமசால். வேலிமசால் விதை அப்படியே போட்டால் முளைக்காது. கொதித்து இறக்கிய தண்ணியில் நாலைந்து நிமிஷம் போட்டெடுத்து, இரவு முழுக்க பச்சைத் தண்ணியில் ஊறவைத்து விதைக்கணும். முதல் அறுப்பு 90 நாள். பசு ஒன்றுக்கு இந்த மாதிரி பயறுவகைத் தழை 5 கிலோ கிடைத்தால் பிண்ணாக்கில் கொஞ்சம் குறைக்கலாம். கிளைரிசிடியாவை அரை நாள் வாடவிட்டுக் கொடுத்தால்தான் வாடை போய் தின்னும்.

---

அருமனை_தொழுவம்

நம்ம ஊரில் சும்மா கிடைக்கிற தீவனம் பற்றியும் சொல்லணும், ஏனென்றால் அதில்தான் லாபமும் இருக்கு, சாவும் இருக்கு.

மரச்சீனி (மரவள்ளி) இலையும் தோலும். பச்சையாகக் கொடுக்கவே கூடாது. அதில் சயனைடு இருக்கு. அறுவடை நேரத்தில் வயலில் கிடக்கும் தழையை அவிழ்ந்த பசு தின்றால் நின்ற இடத்தில் விழும். இலையைச் சிறுசாக நறுக்கி, வெயிலில் சருகாக நொறுங்கும் வரை காயவைத்தால் நல்ல புரதமுள்ள தீவனம். லேசாக வாடினது போதாது. மழைக்காலத்தில் காயவைக்க முடியாவிட்டால் தொடாமலே விட்டுவிடுங்க. ரப்பர் விதைக்கும் இதே கதை, அதை வீட்டில் வைத்துப் பக்குவம் பண்ண முயற்சி வேண்டாம். மூச்சு இரைத்துத் தள்ளாடினால் காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடணும். மாற்று ஊசி இருக்கு, ஆனால் நிமிஷக்கணக்குதான் நேரம். ஆம்புலன்ஸ் எண் 1962.

வாழைத்தண்டு. ஏத்தன் (நேந்திரன்) வாழைக் குலை வெட்டினதும் தோட்டக்காரர் சும்மா தருவார். ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணி. 15 கிலோ போட்டால் உலர்பொருள் ஒரு கிலோ கூடத் தேறாது. வயிறு நிறைந்த மாதிரி பசு நிற்கும், பால் இறங்கும். 8, 10 கிலோவுக்கு மேல் வேண்டாம், நறுக்கி வைக்கோலோடு கலந்து போடணும். தண்டை விட இலை நல்லது. எடுக்கும் முன்னாடி தோட்டக்காரரிடம் ஒன்று கேட்கணும்: கூன்வண்டுக்குத் தண்டில் மருந்து ஊசி போட்டாரா, மூட்டில் குருணை மருந்து இட்டாரா? ஆமாம் என்றால் எடுக்காதீங்க.

சக்கை (பலா) மடல் நாளுக்கு 5 கிலோ வரை தாராளமாகக் கொடுக்கலாம். பழுத்த சுளையும் அழுகின சக்கையும் அதிகமானால் வயிறு புளித்து அமில நோய் வரும். மிஞ்சின சோறு, கஞ்சி, கல்யாண வீட்டுச் சாப்பாடு எல்லாம் இதே வகைதான். கஞ்சி கொடுத்தால் பால் கூடும் என்று சொல்லிக் கொடுத்துப் பசுவைப் படுக்க வைத்தவர்கள் மாவட்டம் முழுக்க உண்டு.

---

கல்குளம்_கறவை

ரொம்ப நன்றி. தோப்பில் வெயில் விழும் பட்டை 20 சென்ட் தேறும். மூட்டைத் தீவனத்துக்குப் பதிலாக வீட்டிலேயே கலந்தால் கட்டுமா?

---

பிண்ணாக்கு_மூட்டை

100 கிலோ கலவைக்கு ஒரு அளவு:

மக்காச்சோளம் (குருணையாக உடைத்தது) 35 கிலோ
எண்ணெய் எடுத்த அரிசித்தவிடு 20 கிலோ
கோதுமைத் தவிடு 12 கிலோ
தேங்காய்ப் பிண்ணாக்கு 20 கிலோ
கடலைப் பிண்ணாக்கு 10 கிலோ
தாது உப்புக் கலவை 2 கிலோ
சாப்பாட்டு உப்பு 1 கிலோ

இதில் புரதம் சுமார் 16 சதவீதம், செரிக்கும் சத்து 70-க்குக் கிட்ட வரும். 12 லிட்டருக்கு மேல் கறக்கும் பசுவுக்கு அரிசித்தவிட்டில் 5 கிலோவைக் குறைத்துக் கடலைப் பிண்ணாக்கில் கூட்டுங்க. தேங்காய்ப் பிண்ணாக்கு நம்ம ஊரில் எளிதாகக் கிடைக்கும், பாலுக்குக் கொழுப்பும் தரும். ஆனால் பசு ஒன்றுக்கு நாளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் போக வேண்டாம்.

சோளத்தை மாவாக்காதீங்க. மாவு வயிற்றில் சட்டென்று புளிக்கும். முழுசாகப் போட்டால் சாணியில் முழுசாக வரும். ஒரு மணியை நாலைந்தாக உடைத்தால் போதும். பழைய தீவனத்திலிருந்து புதுசுக்கு ஒரே நாளில் மாறக் கூடாது. கால், அரை, முக்கால் என்று 8, 10 நாளில் மாற்றணும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது: தவிட்டை ஒரு டம்ளர் தண்ணியில் போட்டால் உமி மேலே மிதக்கும், மணல் அடியில் தங்கும். பிண்ணாக்கு உடைத்தால் உள்ளே பச்சை, கறுப்புப் பூசணம் இருந்தால் மூட்டையைத் திருப்பிக் கொடுங்க, வெயிலில் காயவைத்தால் சரியாகும் என்று நம்பாதீங்க. பூசணம் செத்தாலும் அஃப்ளாடாக்சின் நஞ்சு போகாது. அது பசுவின் ஈரலைக் கெடுத்து, மாறிய வடிவில் பாலிலும் வரும். பாலில் அதுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். அவ்வளவு சின்ன அளவு.

இந்த மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு மழையும் பெய்யும், வருஷத்தில் பாதி நாள் காற்றே ஈரம். மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்கணும். ஜூன் முதல் டிசம்பர் வரை ரெண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைக்காதீங்க. மொத்தமாக வாங்கினால் மூட்டைக்கு 30 ரூபாய் மிச்சம் என்று வாங்கி, அடி மூட்டை பூசணம் பிடித்தால் மிச்சமெல்லாம் போச்சு.

---

நாஞ்சில்_கணக்கு

கலவையில் தப்பில்லை. ஆனால் நாலு கறவைக்கு மாதம் 600 கிலோதான் வரும். அந்த அளவுக்கு வண்டி வாடகை, அரைவைக் கூலி, அஞ்சு கடை ஏறி இறங்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் மூட்டைத் தீவனத்தை விடக் கிலோவுக்கு 3 ரூபாயாவது குறையணும், இல்லாவிட்டால் செய்யாண்டாம். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ரெண்டு வாரத்துக்கு ஒருக்க ஒரு டன்னுக்கு மேல் கலந்தால் கணக்கு ஒக்கும். தனியாக என்றால் இடைவழி ஒன்று இருக்கு: பாதி மூட்டைத் தீவனம், கால் உடைத்த சோளம், கால் தேங்காய்ப் பிண்ணாக்கு, கூடவே தனியாகத் தாது உப்பு.

---

தோவாளை_வைக்கோல்

வைக்கோல் பற்றி யாரும் பேசல. இங்கே நெல் ரெண்டு போகம், கன்னிப்பூ, கும்பப்பூ. வாங்க வேண்டியது கும்பப்பூ அறுப்பில், பிப்ரவரி, மார்ச்சில். வெயிலில் காய்ந்த வைக்கோல் மஞ்சளாக, வாசனையாக இருக்கும். கன்னிப்பூ அறுப்பு செப்டம்பர் பக்கம் வருது. மழை பிடித்த வைக்கோல் கட்டுக்குள் சூடேறிப் பூசணம் பிடிக்கும், விலை குறைவு என்று வாங்கினால் பசு முகர்ந்துவிட்டுத் தள்ளும். கட்டை நடுவில் பிரித்து கையை உள்ளே விட்டுப் பாருங்க, சூடோ ஈரமோ இருந்தால் வேண்டாம். ஆறு உருப்படிக்கு நாளுக்கு 24 கிலோ, மாதம் 720 கிலோ. வருஷத்துத் தேவை எட்டரை டன்னுக்கு மேல். கும்பப்பூவில் பாதியாவது எடுத்து உயர்ந்த பரணில் அடுக்க இடம் இருந்தால் மழைக்கால விலையிலிருந்து தப்பிக்கலாம். கட்டு எண்ணிக்கையில் வாங்காதீங்க, எடைக்கு வாங்குங்க. இயந்திரக் கட்டு ஒன்றுக்கொன்று எடை மாறும்.

யூரியா ஊட்டம்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணி. அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள். எடுத்ததும் அரை மணி நேரம் பரத்தி வைத்து அம்மோனியா வாடை போன பிறகு கொடுக்கணும். ஆறு மாதத்துக்குக் கீழ் கன்றுக்குக் கூடாது. கரைக்காத யூரியா பசுவின் வாயில் பட்டால் விஷம், அதனால் கரைத்த வாளியைப் பசு நிற்கும் பக்கம் வைக்காதீங்க. புல் தாராளமாக உள்ள ஜூன் முதல் நவம்பர் வரை இந்த வேலை அவசியமில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் குறையும்போது செய்தால் பலன்.

---

தோப்புப்புல்

அதே மாதங்களுக்கு ஊறுகாய்ப் புல்லும் (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் பசும்புல், சைலேஜ்) உதவும். மழைக்கால நேப்பியரில் ஈரம் அதிகம், அப்படியே அடைத்தால் சாறு வடிந்து அழுகும். ஒரு நாள் வாடவிடணும். மழை விடாவிட்டால் நறுக்கின வைக்கோல் பத்தில் ஒரு பங்கு கலந்து ஈரத்தை இறக்குங்க. கையில் உருட்டிப் பிழிந்தால் உருண்டை மெல்ல விரியணும், விரலில் தண்ணி சொட்டக் கூடாது. 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லம் கரைத்துத் தெளித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் அரையடி அரையடியாக மிதித்து அடைத்து 45 நாள். திறந்த டிரம்மை ஒரு வாரத்தில் முடிக்கணும்.

---

ஓய்வு_கால்நடை_மருத்துவர்

தீவனம் பற்றி நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். இனப்பெருக்கத்தையும் மடியையும் கவனிக்காத பண்ணையில் அந்தச் சிக்கனம் முழுவதும் ஒழுகிப் போகும் என்பதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பசு ஈன்று 60 நாளுக்குப் பிறகு சினை ஊசி போடத் தொடங்கி, 90 நாளுக்குள் சினை நிற்க வேண்டும். அப்போதுதான் வருடத்துக்கு ஒரு கன்று. நாஞ்சில்_கணக்கு சொன்ன 4 லிட்டர் நிலையில்தான் சினை தள்ளிப்போன பசுக்கள் மாதக்கணக்கில் நிற்கின்றன. சினைப்பருவம் 21 நாளுக்கு ஒரு முறை. ஒன்று தவறினால் 21 நாள் போனது. கலப்பினப் பசுக்களில் கத்தாமல், தீனி குறையாமல் வரும் ஊமைப் பருவம் அதிகம். கண்ணாடி போன்ற சளி பெரும்பாலும் அதிகாலையில், பசு படுத்திருக்கும்போது தரையில் வழிந்திருக்கும். சாணி அள்ளிக் கழுவிவிடும் முன் பின்புறத்தையும் தரையையும் பார்க்க வேண்டும், கழுவிய பிறகு அடையாளம் இல்லை. காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. சளி கலங்கலாகவோ சீழ் போலவோ இருந்தால் ஊசி போடாமல் கருப்பைக்குச் சிகிச்சை செய்யுங்கள். ஊசி போட்ட நாளையும் 21-ஆம் நாளையும் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் குறியுங்கள். 60 நாளில் சினைப் பரிசோதனை கட்டாயம். பருவத்துக்கு வரவில்லை, அதனால் சினை என்று நம்பி ஐந்து மாதம் கழித்து வெறும் வயிறு என்று தெரிவதுதான் மிகப் பெரிய நஷ்டம்.

மடிநோய். பால் திரிந்து மடி வீங்கிய பிறகு எல்லோருக்கும் தெரியும். வெளியே தெரியாத மடிநோய்தான் பாலையும் எஸ்.என்.எஃப்.-ஐயும் (பாலில் கொழுப்பு தவிர்த்த திடச்சத்து) சத்தமின்றிக் குறைக்கும். 500 மில்லி தண்ணீரில் 15 கிராம் துணி துவைக்கும் தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, சம அளவு கரைசல் சேர்த்துச் சுழற்றுங்கள். குழகுழவென்று கூழாக மாறினால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. மாதம் இரு முறை செய்யலாம். நோய் உள்ள பசுவைக் கடைசியில் கறக்க வேண்டும்.

கறந்தவுடன் ஒவ்வொரு காம்பையும் போவிடோன் அயோடினில் முக்குங்கள். கடையில் கிடைக்கும் 5 சதவீத மருந்து ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. காம்புத் துளை மூட அரை மணி நேரம் ஆகும், அதுவரை பசு படுக்கக் கூடாது. கறந்து முடித்ததும் புல் போட்டால் நின்றுகொண்டே தின்னும். தரைக்கு 40 அடிக்கு ஓர் அடியாவது சரிவு இருந்தால்தான் மழைக்காலத்தில் மூத்திரம் தேங்காது. கட்டைவிரலை மடக்கி இழுத்துக் கறப்பது காம்பின் உட்புறத்தைப் புண்ணாக்கும், முழுக்கையால் கறக்க வேண்டும். மடி சுரந்ததிலிருந்து ஏழு நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் பால் இறக்கும் ஹார்மோன் அடங்கிவிடும், மீதி மடியிலேயே நிற்கும்.

ஆரம்ப வீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, நாளுக்கு எட்டுப் பத்து முறை மடியைக் கழுவித் தடவுவது பலன் தருகிறது. காய்ச்சலும் திரிந்த பாலும் இருந்தால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ஆன்டிபயாடிக் போட்ட பசுவின் பாலை, மருந்தின் அட்டையில் சொன்ன நாள் முடியும் வரை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது.

குடற்புழுவை விட இங்கே ஈரல்புழுவும் தட்டைப்புழுவும் முக்கியம். வயல், கால்வாய், குளக்கரைப் புல்லில் நத்தை வழியாக வரும். பசு மெலியும், நாறும் கழிச்சல், தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். சாதாரணப் புழு மருந்துகள் பலவும் இதற்குப் போதாது. சாணத்தை மருந்தகத்தில் பரிசோதித்து, உரிய மருந்தை மே கடைசியிலும் ஜனவரியிலும் கொடுக்கலாம். சினைப்பசு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், எல்லா மருந்தும் ஆகாது. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கிடாரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புரூசெல்லா (கருச்சிதைவு நோய்) தடுப்பூசி, வாழ்நாளில் ஒரு முறை.

---

கல்குளம்_கறவை

டாக்டர் சார், ரொம்ப நன்றி. எஸ்.என்.எஃப். சொன்னதும் இதைக் கேட்கேன். காலைப் பாலில் கொழுப்பு 3.4, மாலையில் 4.3 என்று வருது. டிகிரியும் (பாலின் அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டர் காட்டும் எண்) சில நாள் 26-க்குக் கீழே. தண்ணி ஒரு சொட்டுச் சேர்க்காமல் இப்படி ஏன்?

---

பால்மானி

காலைக்கும் மாலைக்கும் இடைவெளி ஒக்காததுதான் முதல் காரணமாக இருக்கும். மாலை 3 மணிக்குக் கறந்து மறுநாள் 5 மணிக்குக் கறந்தால் இரவு இடைவெளி 14 மணி நேரம். அந்தப் பால் அளவில் அதிகம், கொழுப்பில் குறைவு. சொசைட்டி நேரத்தை மாற்ற முடியாது, ஆனால் மாலைக் கறவையை முடிந்த அளவு பிந்தச் செய்யலாம்.

அடுத்தது கன்றுக்குட்டி. மடியில் முதலில் வரும் பாலில் கொழுப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான், கடைசி ஒட்டப்பாலில் அதைப் போல பல மடங்கு. கறந்து முடித்து மிச்சத்தைக் கன்றுக்கு விடுகிறவர்கள் கொழுப்பு முழுவதையும் கன்றுக்கு விடுகிறார்கள். கன்றுக்கு உரிய பாலை முதலில் ஊட்டவிட்டு, பிறகு ஒட்டக் கறங்க. கன்றுக்கும் நல்லது, கழிச்சல் குறையும். ஈன்ற சீம்பால் மட்டும் விதிவிலக்கு: 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2.5 லிட்டர், அதில் பாதி முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். அதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

டிகிரி குறைவதற்கு: கறந்த சூட்டிலேயே, நுரையோடு லாக்டோமீட்டர் போட்டால் குறைவாகவே காட்டும். காற்றும் உருகிய கொழுப்பும் மிதவையை இறக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் ஆறின அதே பால் கூடுதலாகக் காட்டும். வெப்பநிலைத் திருத்தம் போடுகிறார்களா என்று கேளுங்க, கேட்பதில் தப்பில்லை. மாதிரி எடுக்கும் முன் கேனை மேலும் கீழுமாகக் கலக்கணும், மேலே மிதக்கும் ஆடையை மட்டும் அள்ளினாலோ அடியை மட்டும் எடுத்தாலோ ரெண்டு எண்ணும் தப்பும். கழுவின கேனைக் கவிழ்த்து வடியவிடாமல் ஊற்றினால் அதிலுள்ள தண்ணியும் சின்னக் கேனில் டிகிரியைத் தொடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குறைந்தால் பசுவிடம்தான் காரணம். எஸ்.என்.எஃப். குறைவு பெரும்பாலும் எரிசக்திப் பற்றாக்குறை. தாது உப்பை மட்டும் கூட்டினால் ஏறாது, உடைத்த சோளத்தை அரை கிலோ கூட்டிப் பாருங்க. ஒரு பசுவில் மட்டும் குறைந்தால் டாக்டர் சொன்ன கிண்ணச் சோதனையைச் செய்யுங்க. கொழுப்பு குறைந்தால் நார் போதவில்லை: தீனியில் முதலில் வைக்கோல், பிறகு அடர்தீவனம் என்று வரிசையை மாற்றுங்க. அடர்தீவனத்தை ரெண்டு வேளைக்குப் பதில் மூன்று வேளையாகப் பிரித்தாலும் கொழுப்பு ஏறும்.

---

குலசேகரம்_அக்கா

தண்ணீரை விட்டுட்டீங்க எல்லாரும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பராமரிப்புக்கு 40, 50 லிட்டர், அதோடு ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 4 லிட்டர் போல வேணும். ரெண்டு வேளை வாளியில் காட்டினால் பசு குடிக்கிற அளவு அதுவல்ல. தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி மிதவைக் குழாய் வைத்தால் செலவு சில நூறு ரூபாய், தீவனம் கூட்டாமலே பால் ஏறும். தொட்டியை வாரம் ரெண்டு தடவை தேய்த்துக் கழுவணும், பாசி வாடைக்குப் பசு குடிக்காது.

நம்ம ஊர் சூடு 32 டிகிரிதான் என்றாலும் காற்றில் ஈரம் 75 சதவீதம் இருந்தால் வெப்ப ஈரப்பதக் குறியீடு 85-ஐத் தொடும், 72 தாண்டினாலே கறவைப் பசுவுக்குக் கஷ்டம். ஈரக்காற்றில் தண்ணீர் தெளித்து மட்டும் விட்டால் புழுக்கம் கூடும். ஒரு நிமிஷம் நனைத்து, மின்விசிறியை ஓடவிடணும். அடர்தீவனத்தைக் காலை 5 மணிக்கும் இருட்டின பிறகும் போட்டால் நல்லாத் தின்னும். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் இனம்) ரத்தம் அதிகமான பசுவை இங்கே சேர்க்காதீங்க, ஜெர்சி கலப்பு தாங்கும்.

சாணி: ஆறு உருப்படியில் 80 கிலோவாவது கிடைக்கும். 2 கன மீட்டர் எரிவாயுக் கலனுக்கு 50 கிலோ போதும். அது கொடுக்கிற வாயு 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை 16, 17 நாளில் ஈடு செய்யும். கழிவு புல்லுக்கு, மிச்சச் சாணியைக் காயவைத்து வாழைத் தோட்டத்துக்கும் தோவாளைப் பூந்தோட்டத்துக்கும் விற்கலாம்.

---

கல்குளம்_கறவை

கடைசியாக ஒன்று. நாலு கறவையில் ஒன்று ஈன்று பத்து மாதம் ஆகுது, 4 லிட்டர், சினை நிற்கல. விற்கலாமா?

---

நாஞ்சில்_கணக்கு

நாளுக்கு 24 ரூபாய் நஷ்டத்தில் நிற்குது. சினை நின்றால் கூட அடுத்த கன்று ஒன்பது மாதம் தள்ளி. அந்த ஒன்பது மாதத் தீவனச் செலவையும், அதே பணத்தில் இப்போது சினையுள்ள பசு வாங்க எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கும் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்க. மூன்று ஊசிக்கு மேல் நிற்காதது, ஒரு காம்பு செத்தது, உச்சத்திலேயே 7 லிட்டர் தாண்டாதது, இந்த மூன்றில் ரெண்டு இருந்தால் விற்பதுதான் சரி.

---

ஓய்வு_கால்நடை_மருத்துவர்

விற்பதற்கு முன் ஒருமுறை கருப்பையையும் சினைப்பையையும் பரிசோதியுங்கள். நிற்காததற்குக் காரணம் ஊசி போட்ட நேரம் மட்டும் என்றால் நல்ல பசு கையைவிட்டுப் போகும். புழு மருந்து கொடுத்து, நாளுக்கு 50 கிராம் தாது உப்பு தவறாமல் ஒரு மாதம் கொடுத்து, அடுத்த இரண்டு பருவம் பாருங்கள். உச்சத்தில் 10 லிட்டர் கொடுத்த பசு என்றால் அந்த 40 நாள் செலவு தகும்.

சினை நின்றுவிட்டால், ஏழு மாதச் சினையில் பாலை வற்ற வைத்துவிடுங்கள், 2 லிட்டர் வருகிறதே என்று இழுக்காதீர்கள். நாளுக்கு 5 லிட்டருக்குக் கீழ் கறக்கும் பசுவுக்கு அடர்தீவனத்தை மூன்று நாள் குறைத்து, கறவையை ஒரேயடியாக நிறுத்தலாம். கடைசிக் கறவையை ஒட்டக் கறந்து, நாலு காம்பிலும் வற்று காலத்துக்குரிய மருந்துக் குழாயை மருத்துவரைக் கொண்டு செலுத்தி, காம்பை அயோடினில் முக்கி விடுங்கள். மடி மூன்று நான்கு நாள் விம்மி நிற்கும், பயந்து திரும்பக் கறந்தால் மறுபடி சுரக்கும். சிவந்து சூடாக இருந்தால் மட்டும் கறந்து பாருங்கள்.